கோப்பில் இருக்கும் நல்லவர்

மனைவி இறந்து மூன்று மாதம் கழித்து, நான் மறுபடி ரயில் ஓட்டலாமா என்று பார்க்க மனநல மதிப்பீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் சாவு நடந்த ஓட்டுநர்கள் எல்லோருக்கும் உள்ள விதிதான். தேறாவிட்டால் கிடங்கில் உதிரிச் சாமான் அடுக்கும் வேலை. இருபத்தாறு வருடம் ஓடும் தண்டவாளத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு நாலு சுவர் எப்படிப் போதும்?

மைத்துனனும் ஓட்டுநர். முந்தின நாளே வந்து பாடம் நடத்தினான்.

"அத்தான், தூக்கம் வருதான்னு கேட்டா வருதுன்னு போடுங்க. ஆளில்லாதப்போ குரல் கேட்குதான்னு ஒண்ணு வரும். அதுக்கு ஆமான்னு மட்டும் போட்டுடாதீங்க. கதை முடிஞ்சுது."

"கேட்குதேடா."

கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான். "அக்காவா?"

"ஆமா."

"கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். காகிதத்துல வேண்டாம்."

முந்நூறு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று பென்சிலால் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். படிவம் என்றாலே எனக்குக் கை ஓடாது. வங்கியோ பள்ளிக்கூடமோ காப்பீடோ, எங்கள் வீட்டில் எல்லாம் அவள் கைதான். என்னைக் கேட்காமலே என்னைப் பற்றி எழுதிவிடுவாள். கையெழுத்து மட்டும் என்னுடையது. அன்றும் அவள் இருந்தால் என்ன எழுதுவாள் என்று யோசித்து யோசித்தே நிரப்பினேன். 'எனக்குக் கோபமே வந்ததில்லை.' சரி என்பாள். 'யாரையும் பற்றிப் புறம் பேசியதில்லை.' சரி. 'யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை.' அதுவும் சரி. குரல் கேள்விக்கு மட்டும் மைத்துனன் சொன்னபடி.

நாலாம் நாள் உளவியலாளர் கூப்பிட்டார். என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார்.

"சார், இதுல சில வாக்கியம் உண்மை சொல்றாங்களான்னு பார்க்கவே வைக்கிறது. ஒரு தடவைகூடக் கோபப்படாத ஆள் கிடையாது. இந்தத் தாளை வச்சு ஒண்ணும் சொல்ல முடியலை. இதுல இருக்கிறவர் மனுஷனே இல்லை."

"அது என் சம்சாரம் சொல்ற ஆளும்மா," என்று விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. புதுத் தாளை நீட்டினார். "இந்தத் தடவை நீங்களே நிரப்புங்க."

இந்தத் தடவை தாளில் எனக்குக் கோபம் வந்தது, புறம் பேசினேன், மைத்துனனின் புது வண்டியைப் பார்த்துப் பொறாமையும் பட்டேன். குரல் கேள்வியில் பென்சில் நின்றுவிட்டது. கிடங்கின் இரும்பு அலமாரிகள் கண்முன் வந்தன. ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போகிறவன் இங்கேயே மறைத்தால் எப்படி? சரி என்று கறுப்பாக்கினேன்.

அந்த வட்டத்தில் அவர் விரலை வைத்தார். "என்ன சொல்றாங்க?"

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எடுத்துக் கொடியில போடுவேன்."

"வெளியில எங்கேயாவது கேட்டுதா?"

"இல்லைம்மா. குளிச்சுட்டு வரும்போது மட்டும்தான்."

"அவங்க இல்லைங்கிறது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். இருந்தா அவளே எடுத்துப் போட்டிருப்பா, புலம்பிக்கிட்டே."

இப்போது சிரித்துவிட்டார். துணையை இழந்தவர்களில் பலருக்கும் இப்படிக் கேட்கும், இது நோயில்லை என்றார். தூக்கம், சாப்பாடு, பேச்சுத்துணை என்று வெகுநேரம் விசாரித்தார். பிறகு 'பணிக்குத் தகுதி. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எழுந்தவன் அந்தப் பழைய தாளைக் கேட்டேன்.

"தரக் கூடாது சார். நிரப்பின தாள் கோப்புலதான் இருக்கணும்."

இருக்கட்டும் என்று வந்துவிட்டேன். அவள் கண்ட அந்த நல்லவர் பூட்டிய அலமாரியில் பத்திரமாக இருப்பதில் எனக்கு நிறைவுதான்.

மைத்துனன் வாசலிலேயே நின்றிருந்தான். "என்ன ஆச்சு அத்தான்?"

"திங்கள்கிழமை காலை வண்டி."

"குரல்?"

"சொல்லிட்டேன்."

தலையில் கை வைத்துக்கொண்டான். படி இறங்கும்போது மெதுவாகக் கேட்டான்: "அக்கா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"துண்டைத் தவிர வேற பேச்சே இல்லைடா."

முகம் சின்னதாகிவிட்டது. பொறாமை அவனுக்கும் உண்டு போலிருக்கிறது.