ஆறு இலை பாக்கி

அந்த மணி பிளான்ட் என்ன விலை பெறும் என்று யாராவது கேட்டால், ஜவுளிக்கடைக்காரரின் மனைவி யோசிக்காமல் சொல்வாள்: "இவரோட கடைய வேணா எழுதித் தர்றேன், மேல இவரையும் சேர்த்துத் தர்றேன். செடிய மட்டும் கேக்காதீங்க." மூன்று வீடு மாறியபோதும் சாமான் வண்டியில் ஏற்றாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்த கொடி அது. ஒரு தண்டு கிள்ளித் தரச் சொல்லி நாத்தனார் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "செடிய நல்லாப் பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டார். கடைக்கு வருகிறவர்களை வெறும் வாயோடு அனுப்பிப் பழக்கமில்லாத மனிதர். செடிக்கும் காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு என்று உபசரித்தார். வேர் அழுகித் தொட்டியிலிருந்து நாற்றம் கிளம்பிய பிறகுதான் உபசாரம் அதிகம் என்று உறைத்தது. ஜன்னல் கம்பியில் ஏறியிருந்த நுனிக்கொடி மட்டும் பச்சையாக இருந்தது.

வெட்டித் தண்ணீரில் போட்டால் வேர் பிடிக்கும் என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது. கடைக் கத்தரியை எடுத்தார். கொடி நெடுக, இலை கிளம்பும் இடமெல்லாம் ஒரு முண்டு துருத்திக்கொண்டிருந்தது. நெசவில் முடிச்சு விழுந்த துணியைக் கண்டாலே அந்த இடத்தை வெட்டி ஒதுக்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? பாதிக் கொடியில் முண்டுகளையெல்லாம் நறுக்கி எறிந்துவிட்டு, வழுவழுப்பான காம்போடு ஆறு இலைகளைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு பாட்டிலில் நிறுத்தினார். கடை ஷோகேஸ் தோற்றது.

தினமும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். வேர் வரவில்லை, காம்புதான் கொழகொழத்தது. அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன் என்று மனைவி போன் செய்தாள். வேறு வழியில்லாமல், தண்டு கேட்டு வாய் வலித்த அதே அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா பாட்டில்களைப் பார்த்தாள். உட்கார்ந்துகொண்டு சிரித்தாள்.

"டேய், வேர் வர்ற இடமே அந்தக் கணுதான்டா. அதையா வெட்டிப் போட்ட?"

"டேமேஜுன்னு நெனச்சேன்க்கா."

"உன்னையும் அம்மா அப்படித்தான் நெனச்சாங்க. வெட்டியா போட்டாங்க?"

"சரி சரி, மீதிக் கொடியக் காப்பாத்திக் குடு."

"கூலி ரெண்டு தண்டு."

"அவளுக்குத் தெரிஞ்சா என்னை வெளிய நிறுத்திடுவா. ஒரு இலை தர்றேன்."

"இலைய வச்சு விசிறிக்கவா? ரெண்டு."

"ஒண்ணு. அதுவும் வேர் பிடிச்சாத்தான்."

"ஒண்ணே போதும். ஆனா நான்தான் பொறுக்குவேன்."

பேரம் படிந்தது. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி நாலு தண்டுகள் எடுத்தாள் அக்கா. தண்ணீரில் மூழ்கும் இலையைக் கிள்ளிவிட்டு, கணு நனையும்படி வைத்தாள். வெளிச்சம் வரும், வெயில் விழாத மூலையில் பாட்டில்கள் போய் நின்றன.

"தண்ணி கலங்குனா மாத்து. கல்லாப்பெட்டி மாதிரி சும்மா சும்மா எடுத்துப் பாக்காத."

கை அரித்தது. அடக்கிக்கொண்டார். ஒருநாள் காலையில், அவர் குறை என்று நினைத்த அதே முண்டிலிருந்து நூல் போல வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது. கடையைத் திறக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்; பிறகு போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். வேர் விரல் நீளம் வளர்ந்ததும் மூன்றைப் புது மண்ணில் நட்டார். கொழுத்த தண்டாகப் பார்த்து அக்கா எடுத்துக்கொண்டு போனாள்.

மனைவி பையைக்கூட இறக்காமல் ஜன்னலுக்குப் போனாள்.

"ஏங்க, நான் விட்டுட்டுப் போனது கொடி. இது என்ன, அதோட பேத்தியா?"

"அது வந்து..."

"வர வேணாம். வேர் விட்ட அன்னைக்கே உங்க அக்கா எல்லாக் கதையையும் போட்டோவோட அனுப்பிட்டாங்க."

"அப்ப ஏன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"செடி ஜம்முனு இருக்குன்னு நீங்க தெனமும் போன்ல அளந்து விட்டதைக் கேட்டு நானும் பொண்ணும் சிரிச்சிட்டிருந்தோம். அதைக் கெடுப்பானேன்?" குனிந்து, சுருள் பிரியாத புது இலையை விரலால் தொட்டுப் பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி, கணக்கச் சொல்லுங்க."

"வெட்டினது பத்து. குப்பைக்கு ஆறு, அக்காவுக்கு ஒண்ணு, தொட்டில மூணு. சரியாப் போச்சுல்ல?"

"போகல. அந்த ஆறும் உங்க பேர்ல பாக்கி," என்று சொல்லிவிட்டு, முதல் வேலையாகச் சொம்பை எடுத்துப் பரண்மேல் வைத்தாள்.