டோக்கியோ மணியில் ராகு காலம்

கமலவேணிக்கு நல்ல நேரம் பார்க்கத் தெரியும். அவள் அப்பா மலாக்காவில் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னவர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். யுத்தத்தில் கப்பல் நின்றதோடு பஞ்சாங்கம் வருவதும் நின்றது. அதனால் காஜா பெராங்கில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரு நல்லது கெட்டது என்றால் அவளைத்தான் தேடி வந்தன. அடுப்பில் வைக்க அரிசி இல்லாத காலத்திலும் நல்ல நேரத்துக்கு மட்டும் ஆசை குறையவில்லை.

ஒரு மலாக்காச் செட்டி வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அவளும், புருஷன் பொன்னுதுரையும், நாலு வயது மகள் கோகிலாவும் இருந்தார்கள். மற்றதில் தியாகு, தேங்காயெண்ணெய் ஆலையில் வேலை செய்யும் ஒண்டிக்கட்டை. வீட்டுக்காரர்கள் கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். அவர்கள் கூடத்துச் சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று உண்டு. பின்கட்டு வாசலில் உட்கார்ந்தாலே தெரியும். ஜப்பான்காரன் ஊருக்குள் வந்ததும் எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றரை மணி முன்னால் தள்ளி, டோக்கியோ நேரம் என்றான். சூரியன் மட்டும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கடிகாரத்தில் எட்டு மணி ஆன பிறகுதான் விடிந்தது.

அவன் வந்த இரண்டாம் வருஷம் ஓர் அறிவிப்பு வந்தது. ஜப்பான் மொழி சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் வேண்டுமாம், அதற்கு ஒரு கல்லூரியாம். முப்பத்தைந்து வயது வரை சேரலாம், கல்யாணமானவர்களும் வரலாம். படிப்பு இலவசம். படிக்கிறவன் வீட்டுக்கு மாதாமாதம் அரிசியும் உப்பும் உதவியாகக் கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சுராட். அந்தக் கடிதம் சட்டைப் பையில் இருந்தால், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க வருகிறவன் தொடமாட்டான். சயாமுக்குப் போனவர்களில் அதுவரை ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.

பொன்னுதுரைக்கு அரிசிகூட அப்புறம்தான். அவனுக்குப் படிக்க வேண்டும். அப்பா செத்ததால் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். முப்பத்து மூன்று வயதிலும் பள்ளிக்கூடத்தைக் கடந்து போகும்போது நடை தளரும். தியாகுவும் அவனும் ஒரே பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஜப்பான் எழுத்துப் பழகினார்கள். தியாகு பார்த்ததும் பிடித்துக்கொண்டான். பொன்னுதுரை தடவித் தடவிப் படித்தான். மறந்ததை எல்லாம் தியாகுதான் பொறுமையாகத் திரும்பச் சொல்லிக்கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு இண்டர்வியூ. இந்தியருக்கு ஒரே ஓர் இடம் என்று ஊரில் பேச்சு. கமலவேணி இருவர் படிப்பதையும் கேட்டுக்கொண்டே சமைத்தவள். அந்த ஓர் இடம் யாருக்கு என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“பன்னெண்டு அடிச்சதும் கேட்டைச் சாத்திடுவாங்களாம், அங்க எழுத்து வேலை பாக்குற கிராணி சொன்னாரு. தியாகுகிட்டயும் சொல்லிடு வேணி” என்றான் பொன்னுதுரை.

“சொல்றேங்க” என்றாள். சொல்லவில்லை. அதுவரைக்கும் அது வெறும் மறதி என்று அவளே தன்னிடம் சொல்லிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை தியாகு அவளிடம் வந்து நின்றான்.

“அக்கா, நாளைக்கு ஆலையில பதினோரு மணிக்குத்தான் விடுவாங்க. வந்து குளிச்சுட்டுக் கெளம்பினா பதினொன்னரை ஆயிடும். வெள்ளிக்கிழமை பத்தரையிலேருந்து பன்னெண்டு ராகு காலமாச்சே. அது பழைய மணியாக்கா, ஜப்பான் மணியா?”

ராகு காலம் சூரியன் உதித்ததிலிருந்து எண்ணுவது. பழைய பத்தரை என்றால் சுவரில் பன்னிரண்டு. பதினொன்றரைக்குத் தாராளமாகக் கிளம்பலாம். கமலவேணிக்கு இது அப்பா மடியில் உட்கார்ந்து படித்த பாடம். அவள் கோகிலாவைப் பார்த்தாள். குழந்தை மரவள்ளிக்கிழங்கு வெந்த சட்டியை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தது.

“சொவத்துல என்ன மணியோ அதான் தம்பி. ஊரே அந்த மணியில நடக்குது, ராகு மட்டும் தனியாவா நடக்கும்?”

“அப்ப பன்னெண்டு வரைக்கும் உக்காந்திருக்கணுமா? லேட்டாயிடாதா?”

“இந்தியரைக் கடைசியாத்தான் கூப்பிடுவாங்களாம். அண்ணன் விசாரிச்சுட்டு வந்தாரு. ராகுல கெளம்பின காரியம் வெளங்குமா? ஒங்கப்பா கதை மறந்துபோச்சா?”

அந்தக் கடைசிக் கேள்வியை அவள் கேட்டிருக்க வேண்டாம். தியாகுவின் அப்பா ராகு காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர், வந்த வருஷமே காய்ச்சலில் போனவர். அந்தக் கதையை ஒருநாள் அழுதுகொண்டே இவளிடம்தான் சொல்லியிருந்தான். அவன் முகம் சுருங்கிற்று. “நல்லவேளை கேட்டேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் கெட்டவள் இல்லை என்று சொல்லலாம். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்றும் சொல்லலாம். ஆனால் அன்று அவள் நன்றாகத் தூங்கினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் தியாகு ஆலையிலிருந்து வருவதற்குள் புருஷனைக் கிளப்பிவிட அவள் பறந்தாள். பொன்னுதுரை குளித்து, திருநீறு பூசி, காலர் திருப்பித் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான்.

“தியாகு வந்துடட்டுமே, சேந்து போயிடுறோம்.”

“அவன் ஆலையிலேருந்து நேரா அங்க வந்துடறேன்னுட்டான். கெளம்புங்க, நல்ல நேரம்.”

நல்ல நேரம் என்றது மட்டும் பொய்யில்லை. சூரியக் கணக்குப்படி ராகு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவன் கோகிலாவைத் தூக்கி, “பள்ளிக்கூடம் போற அப்பனைப் பாத்துக்கோடி” என்று கன்னத்தில் முத்தமிட்டான். சடக்கு முனை திரும்பும் வரை வாய்க்குள் ஜப்பான் எழுத்தை முணுமுணுத்துக்கொண்டே போனான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

பிறகு தியாகு வந்தான். அண்ணன் முன்னாடியே கிளம்பிவிட்டார் என்று மட்டும் சொல்லிவைத்தாள். அவன் குளித்தான், கடிகாரத்தைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்தான். நடுவில் இரண்டு தரம் எழுந்தான்.

“இன்னும் கொஞ்சந்தான் தம்பி, உக்காரு” என்று கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தாள்.

பன்னிரண்டு அடித்தது. வலது காலை எடுத்து வைத்து, சடக்கில் இறங்கி ஓடினான். சரியாக ராகு பிறக்கும் நேரம். கமலவேணி அதைக் கவனித்தாள். இனி அவனுக்குக் கிடைக்கவே கிடைக்காது என்று அவள் மனம் குளிர்ந்தது. கோகிலாவை மடியில் போட்டுக்கொண்டு, வரப்போகும் அரிசியில் முதலில் என்ன வடிப்பது என்று யோசித்தாள்.

வெயில் சாயும் நேரத்துக்கு, பின்பக்க வேலியைப் பிரித்துக்கொண்டு தியாகு வந்தான். முழங்கால் கிழிந்திருந்தது. அவள் முன்னால் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

“காலேஜும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. நான் போறதுக்குள்ள கேட்டைச் சாத்திட்டானுங்க. உள்ள ஒரே கூச்சல். நேரத்தோட வந்தவங்க அத்தனை பேரையும் பின்னால நின்ன லோரில ஏத்திட்டானுங்க. சயாமுக்கு.”

அவள் கோகிலாவை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

“லோரி வெளிய வரும்போது அண்ணன் என்னைப் பாத்துட்டாரு. ‘ஓடுடா தியாகு, ஓடு’ன்னு கத்தினாரு. அதுக்குத் துப்பாக்கிக் கட்டையால அவரு வாயிலயே அடிச்சான்.” அவன் விம்மினான். “நல்லா இருப்பானுங்களா? கெடுவான் கேடு நினைப்பான்க்கா.”

தியாகு குனிந்து அவள் காலைத் தொட்டான். “ஒங்களாலதான் நான் உசிரோட இருக்கேன். நீங்க மட்டும் ராகு காலம்னு சொல்லலன்னா, நானும் அந்த லோரிலதான்.” சட்டென்று ஏதோ உறைத்தாற்போல நிமிர்ந்தான். “அண்ணன் எத்தனை மணிக்குக் கெளம்பினாரு?”

“பத்தே முக்காலுக்கு.”

“அய்யோ, ராகுலயா? எனக்குச் சொன்னீங்களே, அவருக்குச் சொல்லலியா?”

உண்மையைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரே வாசல் அது. கண்ணெதிரே திறந்துதான் இருந்தது. ஆனால் இனி இந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆண் இவன் ஒருவன்தான் என்ற கணக்கை, அழுகை வருவதற்கு முன்பே அவள் மனம் போட்டுவிட்டது.

“சொன்னேன் தம்பி” என்றாள். “அவருதான் கேக்கல.”

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அன்று தெருவே கூடி அவளைத் தேற்றியது.

பொன்னுதுரை திரும்பவில்லை. சயாமில் எந்த இடத்தில் எப்படிப் போனான் என்று சொல்லக்கூட ஆள் வரவில்லை. தியாகு ஆலையில் கிடைக்கும் எண்ணெயில் பாதியையும், கிழங்கில் பாதிக்கு மேலும் அவளிடம் கொண்டுவந்து வைத்தான். வெளியே காலெடுத்து வைக்குமுன், “இப்பக் கெளம்பலாமாக்கா?” என்று தவறாமல் கேட்டான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பொய்க் கணக்கில் பதில் சொன்னாள். ஒரு நாள் மாற்றிச் சொன்னாலும் அவன் ஏன் என்று கேட்பான்.

கோகிலா ஒரு நாள் மழையில் விளையாடப் போகிறேன் என்று அடம்பிடித்தது. கமலவேணி கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே வேண்டாம் என்றாள். குழந்தை காதில் வாங்காமல் ஓடியது. தியாகு அதைப் பிடித்துத் தூக்கி, அன்பாகத்தான் சொன்னான்:

“அம்மா சொன்னாக் கேக்கணும் கண்ணு. ஒங்கப்பா கேக்கல, பாத்தியா?”

குழந்தை அம்மாவைப் பார்த்துத் தலையாட்டியது. கமலவேணி அடுத்த கிழங்கை எடுத்தாள்.