வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

முதல் தேர்வில் நான் கவிழ்ந்த கதையை எங்கள் வகுப்பில் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதை அதிகம் சொல்லிக்கொண்டு திரிபவனே நான்தான்.

மனநல ஆலோசனையில் முதுகலைப் படிப்பு. நாற்பதைத் தாண்டிய பிறகு சேர்ந்தேன். வகுப்பு செவ்வாய்க்கிழமைகளில். மற்ற நாளில் எனக்கு வேறு பிழைப்பு. ஃப்ரிட்ஜ் விற்கும் ஒரு கம்பெனியில், தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. சத்தம் போடுகிறது, ஐஸ் கட்டவே மாட்டேன் என்கிறது, கதவு மூடவில்லை. எதுவானாலும் கேட்க வேண்டும், வழி சொல்ல வேண்டும், சட்டுப்புட்டென்று முடிக்க வேண்டும். முடிப்பதற்கு ஒரு வாசகம் வைத்திருக்கிறார்கள். "வேறு ஏதாவது உதவி வேண்டுமா? எங்களை அழைத்ததற்கு நன்றி." இந்த இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடக் கூடாது என்பது எங்கள் ஆபீசின் எழுதாத சட்டம். விட்டால், எதிர்முனையில் இருப்பவர் வாஷிங்மெஷினைப் பற்றியும் ஆரம்பித்துவிடுவார்.

முதல் வருடம் முழுக்கப் புத்தகப் படிப்பு. அதில் நான் புலி. இரண்டாம் வருடம்தான் வினை வந்தது. நிஜமான கஷ்டத்தோடு நிஜமான மனிதர்கள் வந்து உட்காரும் ஆலோசனை மையத்துக்குள் எங்களை விடுவதற்கு முன்னால் ஒரு செய்முறைத் தேர்வு. சின்ன அறை, இரண்டு நாற்காலிகள், ஒரு டிஷ்யூ பெட்டி, சுவரில் பெரிய கண்ணாடி. நமக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பேராசிரியைக்கு அது ஜன்னல். வகுப்பில் உள்ள யாராவது ஒருவர் நமக்கு எதிரே உட்கார்ந்து தன் வாழ்க்கையிலிருந்து ஒரு விஷயத்தைச் சொல்வார். விஷயம் உண்மையாக இருக்க வேண்டும், ஆனால் சின்னதாக இருக்க வேண்டும். நாம் கேட்க வேண்டும். தீர்வு மட்டும் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றா சொன்னேன்? சமையல்காரனை அடுப்படியில் நிறுத்தி, கரண்டியைத் தொடாதே என்பது போலத்தான் அது.

முதல் தேர்வில் எனக்கு எதிரே வங்கியில் வேலை செய்யும் தோழி. தன் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லிக் கண் கலங்கினாள். நான் உற்சாகமாகி, "ஞாயித்துக்கிழமை காலைல ஒரு போன் போடுங்க, அப்பதான் அவர் ஃப்ரீயா இருப்பார்" என்றேன். அவள் திருதிருவென்று விழித்தாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "வேறு ஏதாவது உதவி வேண்டுமா எங்களை அழைத்ததற்கு நன்றி" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பேராசிரியை இருமினார் என்று சிலர் சொல்கிறார்கள், சிரித்தார் என்று பலர் சொல்கிறார்கள். அன்றிலிருந்து வகுப்பில் எனக்கு 'ஃப்ரிட்ஜ் அண்ணா' என்று பெயர்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி. அதிலும் கோட்டைவிட்டால் அடுத்த வருடக் குழுவோடுதான் சேர முடியும். அதற்கு எங்கள் மேலாளர் விட மாட்டார். "செவ்வாய்க்கிழமை லீவு இந்த வருஷத்தோட சரி. அடுத்த வருஷம்னு வந்து நிக்காதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆக, அடுத்த வருடம் என்பது என் கணக்கில் அடுத்த ஜென்மம்.

என்னைத் தேற வைக்கும் பொறுப்பைத் தானாக எடுத்துக்கொண்டவள் பக்கத்து நாற்காலி நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு நர்ஸ், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். முதல் தடவையிலேயே தேறிவிட்டவள். அவளுக்கு நான் அண்ணா, எனக்கு அவள் நர்ஸம்மா. வகுப்புக் கலந்துரையாடலில் யாராவது ஒரு பிரச்சினையைச் சொல்ல, நான் "ஒரு ஐடியா..." என்று வாயைத் திறந்தால் போதும், மேஜைக்கடியில் என் காலில் ஒரு மிதி விழும். வார்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் ஷூ, தடித்த ரப்பர் அடி. என்னுடைய எத்தனையோ நல்ல ஐடியாக்கள் அந்த ரப்பருக்கடியில் உயிரை விட்டிருக்கின்றன.

வீட்டிலும் பயிற்சி நடந்தது. எதிரில் இருப்பவர் சொன்னதையே திருப்பிச் சொல்லி, கேட்டுக்கொண்டேன் என்று காட்ட வேண்டும் என்பது பாடம். என் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். ஒரு நாள் சாவியை மேஜையில் விட்டெறிந்து, "பாத்திரம் அப்படியே கிடக்கு, நீங்க இன்னும் புக்க விடலயா?" என்றாள்.

நான் புத்தகத்தை மெல்ல மூடிவிட்டு, "உனக்குக் கோபமா இருக்கு போல" என்றேன்.

"போல எல்லாம் இல்ல. கோபம்தான்."

"பாத்திரம் கிடக்கறத பாத்ததும் கோபம் வந்துருக்கு."

"ஐயா சாமி, நீங்க புரிஞ்சுக்க வேண்டாம். கழுவுனா போதும்."

மகள் அதைவிட மோசம். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். "அப்பா, கணக்கு பரீட்சைய நெனச்சா பயமா இருக்கு" என்றாள். "பயமா இருக்கு" என்றேன் நான், தலையை ஆட்டி, கனிவாக. அவள் அம்மாவைப் பார்த்து, "அம்மா, அப்பாவ ரிப்பேருக்குக் குடுக்கணும்" என்றாள்.

தேர்வு நாள் வந்தது. யாருக்கு யார் எதிரே உட்காருவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு நர்ஸம்மா! குதிக்காத குறைதான். நடைவழியில் அவள் என் காதோடு சொன்னாள். "பகல்ல தூக்கம் வர மாட்டேங்குதுன்னு சொல்லப்போறேன். ரொம்ப ஈஸி. பால், புத்தகம், இருட்டு ரூம்னு எதையும் சொல்லிடாதீங்க அண்ணா, கும்பிடறேன்."

உள்ளே போய் உட்கார்ந்தோம். நடுவில் மேஜை கிடையாது. அவளுடைய ஷூ என் காலை எட்டாத தூரத்தில் இருந்தது.

"நைட் டியூட்டி முடிச்சு வீட்டுக்குப் போனா தூக்கம் வர மாட்டேங்குது" என்று ஆரம்பித்தாள். நான் தலையசைத்தேன். "திரை எல்லாம் இழுத்து விட்டுப் படுக்கறேன்..." நிறுத்தினாள். கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அது இல்ல. நான் இந்தப் படிப்ப விட்டுடலாம்னு இருக்கேன்."

சின்ன விஷயம் என்பது விதி. இது எந்த ஊர்ச் சின்ன விஷயம்?

"இதுல சேந்ததுலேர்ந்து வார்டுல கை ஓட மாட்டேங்குது" என்றாள். "முன்னாடி எல்லாம் ஊசி போட்டமா, எழுதி வச்சமா, அடுத்த பெட்டுக்குப் போனமான்னு இருப்பேன். இப்ப யாராவது 'பயமா இருக்கு சிஸ்டர்'னு சொன்னா அங்கயே நின்னுடறேன். மத்த வேலை அப்படியே கிடக்கு. ஹெட் நர்ஸ் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க, 'நீ வேலை பாக்க வந்தியா, கதை கேக்க வந்தியா'ன்னு. வீட்டுல அவரும் அதான் சொல்றார். இருக்கற வேலையையும் கெடுத்துக்காதேன்னு. எப்ப விடப்போறேன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க."

என் தலைக்குள் வரிசை கட்டி நின்றன. வார்டு மாற்றிக் கேட்கலாம். பாதிப் பாடத்தை இந்த வருடம், மீதியை அடுத்த வருடம் முடிக்கலாம். ஹெட் நர்ஸைத் தனியாகப் பார்த்துப் பேசலாம். ஒவ்வொன்றும் முத்து முத்தான யோசனை, இப்போதும் சொல்வேன். நாக்கு துறுதுறுத்தது. வேறு வழியில்லாமல் என் வலது காலால் என் இடது காலை நானே மிதித்துக்கொண்டேன்.

"எல்லார் முன்னாடியும் கேட்டாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். டிஷ்யூ பெட்டியைக்கூட அவசரப்பட்டு நீட்டக் கூடாது, 'போதும், நிறுத்து' என்று அர்த்தமாகிவிடும் என்பது பாடம். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகாதீங்க என்ற ஒரு வார்த்தை மட்டும் தொண்டை வரை வந்து வந்து போனது. அதுவும் அவளுக்காக வந்த வார்த்தை இல்லை. எனக்காக வந்தது. அவள் இல்லாமல் அந்த வகுப்பில் எப்படி உட்காருவேன் என்ற பயத்தில் வந்தது. அது தெரிந்ததும் வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் தெளிவாகவும் இருந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

அவளே பெட்டியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவ்ளோதான். விட்டுடறதுதான் சரி. முடிவு பண்ணிட்டேன்" என்றாள்.

கண்ணாடி தட்டப்பட்டது. நேரம் முடிந்தது என்று அர்த்தம். தட்டிய பிறகு புதிதாக எதையும் கிளறக் கூடாது. இரண்டு வரியில் முடித்து எழுந்துவிட வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. நான் முடித்தேன், அழகாகவே முடித்தேன். அவள் எழுந்து போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள்.

பிடித்தவள் திருப்பவில்லை.

எனக்கு அது தெரியும். பாடத்தில் படித்ததில்லை, போனில் கேட்டது. சிலர் சரி சரி என்பார்கள், ஆனால் போனை வைக்க மாட்டார்கள். மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த மூச்சின் மேல்தான் நாங்கள் 'எங்களை அழைத்ததற்கு நன்றி'யை ஏற்றி ஓட்டிவிடுவோம்.

கண்ணாடி மறுபடியும் தட்டப்பட்டது, இந்த முறை கொஞ்சம் பலமாக. போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். எதைச் சொல்லக் கூடாதோ அதுவே வந்தது.

"வேற ஏதாவது உதவி வேணுமா?"

சொல்லிவிட்டு நிறுத்தினேன். நன்றி சொல்லவில்லை. மூச்சை மட்டும் விட்டேன். காத்திருந்தேன். அவள் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. திரும்பியபோது இரண்டும் இருந்தது.

"வேணும்" என்றாள். வந்து உட்கார்ந்தாள். "எனக்கு விடப் பிடிக்கல அண்ணா. அந்த பெட் பக்கத்துல நிக்கறேன் பாருங்க, அப்பதான் நான் நர்ஸுன்னு எனக்கே தோணுது. இத யார்கிட்டயும் நான் சொன்னதே இல்ல."

அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன், பிறகு எழுந்து கதவைத் திறந்துவிட்டேன்.

அவள் முகம் கழுவிக்கொண்டு டியூட்டிக்கு ஓடிவிட்டாள். பேராசிரியை உள்ளே வந்தார்.

"ரெண்டு தடவ தட்டினேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மேடம்."

"அந்தக் கேள்விய இனிமே ஜென்மத்துக்கும் கேக்கக் கூடாதுன்னு போன தடவ சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம்." போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கண்ணாடியில் தன் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "போன தடவ நீங்க அதக் கேக்கல. ஒப்பிச்சீங்க. நேரத்துக்கு முடிக்கப் பழகணும், அதுக்கு மார்க் போயிடுச்சு. செவ்வாய்க்கிழமை காலைல மையத்துக்கு வந்துடுங்க. லேட்டா வராதீங்க."

மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன், இந்த வயதில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. மனைவிக்கு போன் போட்டேன். வேன் நிறையப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். "பாஸ்!" என்று நானும் கத்தினேன். "என்னது, பஸ்ஸா?" என்றாள். "தேறிட்டேன்டி!" என்றேன். அவள் வேனை ஓரங்கட்டிவிட்டு அழுதாள் என்று மறுநாள்தான் மகள் சொல்லித் தெரிந்தது.

ஆனால் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த அறையில் கேட்டது அறையோடு சரி. வெளியே வந்து, 'என்ன முடிவு பண்ணினீங்க?' என்று கேட்கக் கூடாது. தொழிலின் முதல் சட்டம் அது. அவள் போன் நம்பரைப் பார்ப்பேன், கைபேசியைக் கவிழ்த்து வைப்பேன். வாரம் முழுக்க இதே பாடு.

செவ்வாய்க்கிழமை இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தேன். வட்ட மேஜை, ஜன்னலோரம் ஒரு செடி, புதுப் பெயிண்ட் வாசனை. இன்று எனக்கு முன்னால் ஒரு நிஜமான மனிதர் உட்காரப்போகிறார் என்று நினைத்து, சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன். மற்றவர்களும் வந்தார்கள். என் வலது பக்கத்து நாற்காலி மட்டும் காலி. பேராசிரியை பேச ஆரம்பித்தும் அது காலியாகவே இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் இடது பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

இடது பக்கம் வங்கித் தோழி. "முதல் ஆள் வராமலே போயிட்டா என்ன பண்றதுன்னு நேத்து பூரா தூக்கமே இல்ல" என்றாள்.

ஐயோ பாவம் என்றிருந்தது எனக்கு. அதற்கு என்னிடம் அருமையான வழி ஒன்று இருந்தது.

"ஒரு ஐடியா..." என்றேன்.

மேஜைக்கடியில் என் வலது காலில் ஒரு மிதி விழுந்தது. தடித்த ரப்பர் அடி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. உயிர் போகிற மாதிரி வலித்தது, வாயை மூடிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.