ஐம்பது கம்பெனி

"இன்னும் ஒரு வாய்" என்று ஜெயசீலி கஞ்சிக் கரண்டியை நீட்டியபோது, வில்பிரட் அவள் கையைப் பிடித்து விலக்கினார். அந்தப் பிடியில் பலமே இல்லை.

"முதல்ல நான் சொல்றத கேளு."

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேலையூர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் இல்லாத கம்பெனி வேலை அவருக்கு. ரிட்டையரானபோது வந்ததை மொத்தமாக பேங்கில் போட்டவர், பிறகு ஏதேதோ படித்து, பாதியை, பங்குச்சந்தையின் பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போடும் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றினார். அதைப் பற்றி அவர் பேச்செடுத்தாலே ஜெயசீலி துணி மடிக்கப் போய்விடுவாள்.

"ஐம்பது கம்பெனி, ஜெயா. ஒண்ணு படுத்தாலும் மத்தது இழுத்துக்கும். பேங்க் வட்டிய மட்டும் நம்பினா விலைவாசி தின்னுடும். நீ இன்னும் ரொம்ப வருஷம் இருக்கணும்."

அந்தக் கடைசிப் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. "பேசாதீங்க. மூச்சு வாங்குது."

"மார்க்கெட் விழும். அப்ப என்ன பண்ணுவ? சொல்லு."

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "ஜெரூஷாவ கேப்பேன்."

மகள் ஜெரூஷா பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"விக்காத" என்றார் வில்பிரட். ஏன் என்று சொல்லத் தொடங்கியதும் இருமல் பிடித்துக்கொண்டது. அவள் முதுகைத் தடவிவிட்டாள். "புரிஞ்சுதுங்க, புரிஞ்சுது."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

வெந்நீர் எடுத்துக்கொண்டு திரும்பியபோதும் அவர் கண்கள் திறந்தேயிருந்தன. கூப்பிட்டாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் கூப்பிட்டாள்.

சாயங்காலத்துக்குள் ஃப்ரீசர் பெட்டி வந்தது, சபை மக்கள் வந்தார்கள். ஜெரூஷாவின் பஸ் இன்னும் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டவில்லை. வில்பிரட்டின் தம்பி ஜெர்சன் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அண்ணி, இப்ப பேசறேன்னு தப்பா நினைக்காதீங்க. மார்க்கெட் சரிஞ்சுகிட்டே இருக்கு. அடக்கம் முடிஞ்சதும் அண்ணன் போட்ட ஃபண்ட வித்து பேங்க்லயே போட்டுடலாம்."

"விக்கக் கூடாதுன்னாரு."

"ஏன் அண்ணி?"

அக்கறையோடுதான் கேட்டார். ஜெயசீலி வாயைத் திறந்தாள். ஐம்பது கம்பெனி என்பது வரை ஞாபகம் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

பக்கத்து ஏர்ஃபோர்ஸ் தளத்தின் விமானம் ஒன்று கூரைக்கு மேல் தாழப் பறந்தது. ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்த சபை மக்கள் நிறுத்திவிட்டு, அது போகட்டும் என்று காத்திருந்தார்கள். பெட்டியின் கண்ணாடியில் ஈரம் படர்ந்து அவர் முகம் மறைந்திருந்தது. ஜெயசீலி முந்தானையால் துடைத்தாள். கையை எடுப்பதற்குள் ஓரத்திலிருந்து மறுபடியும் படரத் தொடங்கியது.