பாட்டில் பேர் விழும் இடம்

துபாய் அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப்பில் கார்மேகத்தை டிவியில் பார்த்துச் சிரிக்காத தமிழாள் கிடையாது. குளிக்க வரிசையில் நிற்கும்போதுகூட எவனாவது துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, "ஏ சீதாராமா, என் ராசா" என்று மூக்கால் இழுப்பான். வரிசை மொத்தமும் சிரிக்கும். கார்மேகமும் சிரித்து வைப்பான். சிரிக்காமல் நின்றால், "ஆர்ட்டிஸ்ட்டு கோவமா இருக்காரு டோய்" என்று அதற்கும் ஒரு சிரிப்பு வரும்.

அவன் பாட ஆரம்பித்தது கமுதிப் பக்கத்து எழவு வீடுகளில். கொட்டுக்காரர்கள் ஒரு பக்கம், மைக் செட்டோடு இவன் ஒரு பக்கம். போனதும் முதல் வேலை பேர் கேட்பதுதான். செத்தவர் பேர், கட்டினவள் பேர், பிள்ளைகள் பேர், சண்டை போட்டுப் பிரிந்துபோன தம்பி வந்திருந்தால் அவன் பேர். ஒரு பீடி எரிந்து முடிவதற்குள் அத்தனையையும் மனதில் ஏற்றிக்கொள்வான். பாட்டு என்னவோ எல்லா வீட்டுக்கும் ஒரே பாட்டுத்தான். அதில் பேர் விழும் இடத்தில் அந்த வீட்டுப் பேர் விழும்போது அழுகை உடையும். காலையிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்த மகன் தன் பேரைக் கேட்டதும் பந்தல் காலைக் கட்டிக்கொண்டு கத்துவான். அப்படிக் கத்த வைப்பதுதான் கார்மேகத்தின் வேலை. அதில் அவனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை.

அப்புறம் ஒரு சேனலில் நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லிச் சென்னைக்குப் போனான். பாடிக் காட்டினான். கேட்டுக்கொண்டிருந்த மேக்கப் போடுகிற பெண் அழுதுவிட்டாள். நிகழ்ச்சி எடுக்கிறவன் மட்டும் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, குரல் பிரமாதம். ஆனா ஞாயித்துக்கெழம காலையில ஜனங்க இட்லி திம்பாங்க. அந்த நேரத்துல அழுக வைக்கலாமாண்ணே?"

அவனே ஒரு வழியும் சொன்னான். சேலையைக் கட்டி, மூக்குத்தி ஒட்டி, எதிரே சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தொகுப்பாளர் சீதாராமனுக்கு, ஆள் உயிரோடு இருக்கும்போதே, ஒப்பாரி வைக்க வேண்டும். கார்மேகம் முதலில் மாட்டேன் என்றான். உசுரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி ஆகாது. சீதாராமனே தோளில் கை போட்டு, "என் ஆயுசு கெட்டியாகும்யா, பாடு" என்றார். பாடினான். குரலை மேலே ஏற்றி, இடுப்பை வெட்டி, கண்ணை உருட்டி நாற்காலிப் பக்கம் திரும்பி "சீதாராமா" என்று போட்டுவிட்டு நிறுத்த வேண்டும். சிரிப்பு அடங்கியதும் அடுத்த வரி. வாரா வாரம் இதே. மளிகைக் கடையில், பஸ்ஸில், எங்கே பார்த்தாலும் செல்ஃபி எடுத்தார்கள். மகள் ராதிகா மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அப்பா வர வேண்டாம் என்றாள்.

எழவு வீட்டுத் தொழில் அதோடு போயிற்று. அபிராமத்தில் ஒரு பெரிய சாவு. அவன் மைக்கைப் பிடித்ததுமே பந்தலின் ஓரத்தில் இளவட்டங்கள் களுக்கென்றார்கள். மூத்த மகன் வந்து கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க கெளம்புங்கண்ணே. எங்க அப்பன் சாவு காமெடியாயிரும்."

சேனலும் சலித்துப்போய் வேறு பையன்களைப் பிடித்தது. கடைசியாக துபாயில் ஒரு மேடை நிகழ்ச்சி என்று கூட்டி வந்தார்கள். ஏர்போர்ட்டில் மாலை போட்டார்கள். நிகழ்ச்சி முடிந்ததும், அஜ்மானில் ஒன்று, ஷார்ஜாவில் ஒன்று, இருங்கள் என்றார்கள். சொன்னவன் அப்புறம் போனை எடுக்கவில்லை. விசா முடிகிற தறுவாயில் கீழக்கரை ஈசா பாய்தான் பாவம் பார்த்து, தான் ஃபோர்மேனாக இருக்கும் எண்ணெய் டேங்க் கழுவும் கம்பெனியில் சேர்த்துவிட்டார். விடிகிற நேரத்துக்கு பஸ் ஏறிப் புஜைரா போய், காலியான டேங்குக்குள் இறங்கி, அடியில் படிந்த கசடை வழித்து வாளியில் அள்ளிவிட்டுத் திரும்ப வேண்டும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நாற்றம் போகாது. ஊருக்குப் போய் என்ன செய்வது என்று தெரியாததால் கார்மேகம் இருந்துகொண்டான்.

அவன் கட்டிலுக்குக் கீழ்க் கட்டில் மணிகண்டனுடையது. முதுகுளத்தூர்ப் பக்கம். அவன் ஒருத்தன்தான் சீதாராமன் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டதில்லை.

"எங்க அப்பா சாவுக்கு நீங்கதாண்ணே பாடுனீங்க. மறந்திருப்பீங்க. எனக்கு அழுகையே வரல. சொந்தக்காரப் பயலுக எல்லாம் ஒரு மாதிரி பாக்குறானுக. நீங்க எம் பேரச் சொன்னீங்க பாருங்க, அப்பத்தாண்ணே ஒடைஞ்சேன்."

கார்மேகத்துக்கு அந்த வீடு ஞாபகமில்லை. ஆனாலும் அறையில் வேறு யாரும் இல்லாதபோது, அவனுக்காக அசல் பாட்டைத் தணிந்த குரலில் பாடியிருக்கிறான். மணிகண்டன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

அந்த மணிகண்டன் புஜைராவிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கினான். கேம்ப் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். "டேய், எந்திரி, சோறு தீந்துரும்" என்று கூட வேலை பார்க்கும் அருள்ராஜ் உலுக்கினான். மணிகண்டன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று எழுதினார்கள். முப்பத்தி நாலு வயது.

உடலை ஊருக்கு அனுப்பும் பேப்பர் வேலை இழுத்துக்கொண்டே போனது. ஒரு நாள் மணிகண்டன் பெண்டாட்டி நாகவள்ளி கார்மேகத்துக்குப் போன் செய்தாள். அதற்கு முன் அவளோடு அவன் பேசியதில்லை. பேச்சில் அழுகை இல்லை. தண்ணீர் லாரி வரவில்லை என்று சொல்கிறவள் மாதிரி பேசினாள்.

"அண்ணே, பொட்டியத் தொறக்க வேணாம்னு எங்க தாய்மாமா சொல்லிட்டாரு. நாளாகிப்போச்சாம், புள்ளைக பாத்தாப் பயந்துரும்னு. அப்ப அவரு மொகத்தப் பாக்குறது அங்கதாண்ணே கடைசி."

"ஆமாம்மா. பொட்டியில வைக்கிறப்ப ஈசா பாய் போன்ல காட்டுறேன்னாரு."

"அப்ப நீங்க பாடணும்ணே. மொகம் இருக்குற எடத்துலதான அழுகணும்? இங்க வெறும் பலகையப் பாத்து என்னத்த அழுக. எனக்கு இன்னும் அழுகையே வரலண்ணே. நெஞ்சுல கல்லு கணக்கா நிக்குது. அவுக அப்பா சாவுல நீங்க பேரச் சொன்னத அவரு எத்தன தடவ சொல்லியிருக்காரு தெரியுமா?"

"பாடுறேன்மா," என்றான் கார்மேகம். வேறு என்ன சொல்ல முடியும்?

சொல்லிவிட்டானே தவிர, பயம் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உதட்டுக்குள் பாடிப் பார்த்தான். மணிகண்டா என் ராசா. மணிகண்டா என் ராசா. மகள் பேர் கனிமொழி, மகன் பேர் புகழ். எல்லாம் ஏறிக்கொண்டது. குரலும் இருந்தது. டேங்குக் கசட்டின் காற்றைக் குடித்தும் குரல் சாகவில்லை என்று அவனுக்கே ஆச்சரியம். பல வருஷத்துக்கு அப்புறம் ஒரு எழவு வீட்டில் தன்னை வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் அதில் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

உடலைப் பதப்படுத்தி அனுப்பும் இடத்துக்குக் கம்பெனி வேனில் போனார்கள். ஹஸ்னைன் என்ற பாகிஸ்தான்காரர் வண்டி ஓட்டினார். ஈசா பாய், அருள்ராஜ், கார்மேகம், இன்னும் நாலைந்து பேர். உள்ளே மருந்து நெடி. மணிகண்டனை வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, முகத்தை மட்டும் மூடாமல் விட்டிருந்தார்கள். முகம் சற்று உப்பி, வேறு யாரோ மாதிரி இருந்தது. அங்கே வேலை பார்ப்பவர், "பாஞ்ச் மினிட் பாய், ஜல்தி" என்று ஐந்தே நிமிஷம் கொடுத்தார். வெளியே இன்னொரு கூட்டம் காத்திருந்தது.

ஈசா பாய் போனைத் தூக்கிப் பிடித்தார். திரையில் நாகவள்ளி. அவளைச் சுற்றி ஊர்ப் பெண்கள், தோளுக்கு மேலே தலைகள், மடியில் பிள்ளைகள்.

"மொகத்தக் காட்டுங்க பாய்," என்றாள்.

காட்டினார். அந்தப் பக்கம் பெண்களின் சத்தம் எழுந்தது. நாகவள்ளி மட்டும் கண் இமைக்காமல் பார்த்தாள்.

"பாடுங்கண்ணே."

கார்மேகம் மணிகண்டனின் கால்மாட்டில் நின்று தொண்டையைக் கனைத்தான்.

"கப்பலேறிப் போகலையே, காத்துலதான் பறந்தீரே,
கட்டினவ பாக்கையிலே கண்ணத் தெறக்கலையே,
மணிகண்டா என் ராசா..."

பேர் சரியாக விழுந்தது. அருள்ராஜ் மூக்கை உறிஞ்சினான். ஈசா பாய் போனை இடது கைக்கு மாற்றிக் கண்ணைத் துடைத்தார். கார்மேகத்துக்கு உடம்பு சிலிர்த்தது. வந்துவிட்டது, இதுதான் என்று நினைத்தான். திரையில் நாகவள்ளியின் தாடை துடிக்க ஆரம்பித்ததைப் பார்த்தான். இன்னும் ஒரு தூக்குத் தூக்கினால் உடைந்துவிடுவாள். குரலை மேலே ஏற்றினான்.

"புள்ள கனிமொழிக்குப் பூ முடிக்க ஆளில்லையே,
புகழு மகன் கைப்பிடிச்சுப் போக வழி தெரியலையே..."

மேலே ஏறிய குரலோடு இடுப்பு தானாக வெட்டியது. கண் உருண்டது. முகம் பெட்டிப் பக்கம் திரும்பியது.

"சீதாராமா என் ராசா!"

சொன்னதோடு நிற்கவில்லை. பழகின வாய் நிறுத்தவும் செய்தது. சிரிப்புக்கு விடும் அந்த இடைவெளியை அப்படியே விட்டது.

சிரிப்பு முதலில் அருள்ராஜிடமிருந்துதான் வந்தது. அழுதுகொண்டிருந்தவன் மூக்கால் வெடித்துவிட்டு, வாயை முழங்கையால் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். தோள் குலுங்கியது. பின்னால் நின்றவர்களும் அடக்கிப் பார்த்து முடியாமல் போனார்கள். போனுக்குள் பிள்ளைகள் சிரித்தன. ஒரு பொம்பளை, "ஏ, சும்மா இருங்க சனியங்களா" என்று அதட்டி, அவளே பாதியில் சிரித்தாள்.

கார்மேகம் திரையைப் பார்த்தான். நாகவள்ளியின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அவளும் சிரித்தாள். ஒரு கணம்தான். பல் தெரிந்தது. உடனே சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, மன்னிச்சுக்கம்மா, இரு, திரும்பப் பாடுறேன்..."

"கலாஸ் பாய், கலாஸ்," என்று நேரம் முடிந்ததைச் சொல்லி அந்த ஆள் துணியால் முகத்தை மூடினார். பெட்டி மூடப்பட்டது. யல்லா, யல்லா என்று அடுத்த கூட்டத்தை உள்ளே விட்டார்கள்.

வேன் கிளம்பியது. ஹஸ்னைன் கண்ணாடியில் பார்த்து, "க்யா ஹுவா? அந்தர் ஹஸ்னே கி ஆவாஸ் ஆயி" என்றார். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்ததே, என்ன என்று கேட்டார். அருள்ராஜ் சொல்லாமல்தான் இருந்தான். ரொம்ப தூரம் அடக்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சொன்னான். சொல்லும்போதே மறுபடி சிரிப்பு வந்தது. ஹஸ்னைன் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்துவிட்டு, "அஸ்தக்ஃபிருல்லா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதண்ணே," என்றான் அருள்ராஜ். "மணி இருந்தா அவனும் சிரிச்சிருப்பான்."

"அவன் சிரிக்க மாட்டான்டா," என்றான் கார்மேகம்.

சாயங்காலம் சாப்பாட்டு ஹாலுக்கு அவன் போகவில்லை. கட்டிலில் கிடந்தான். போன் அடித்தது. நாகவள்ளி. எடுக்காமல் விடலாம் என்றுதான் நினைத்தான். நிற்காமல் அடித்ததால் எடுத்தான்.

"அண்ணே, நா ஒங்களக் கொற சொல்லக் கூப்புடல."

"சொல்லும்மா. செருப்பால கூட அடி."

"நானே சிரிச்சுட்டேண்ணே." அவள் குரல் இப்போதும் வறண்டுதான் இருந்தது. "மாமியா பாத்துட்டாக. புருசன் மொகத்தப் பாத்துச் சிரிக்கிற முண்டன்னு வாசல்ல உக்காந்து சொல்லிக்கிட்டு இருக்காக. சொல்லட்டும். கடைசியா அவரு மொகத்தப் பாக்குறப்ப நா சிரிச்சிருக்கேன்ல. அத எப்புடிண்ணே மாத்துறது?"

கார்மேகம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"நாளைக்குப் பொட்டி வருது. பொட்டியப் பாத்தாச்சும் அழுகணும்ணே. மைக் செட்டு சொல்லியிருக்கு. செல்போன மைக்குக்கிட்ட வச்சுர்றேன். அந்த மொத பாட்டப் பாடுனீங்கள்ல, அது போதும். எனக்குக் கண்ணு கலங்கிருச்சுண்ணே அப்ப. இன்னொரு தடவ பாடுங்க. நாளைக்கு ஒங்களுக்கு லீவுதான?"

லீவுதான். ஞாயிற்றுக்கிழமை. கார்மேகம் வாயைத் திறந்து, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தான். மணிகண்டா. சரியாகத்தான் வந்தது. அங்கேயும் முதலில் சரியாகத்தான் வந்தது. ஊரே கூடியிருக்கும். குழாய் ஸ்பீக்கரில் பக்கத்து ஊர் வரை கேட்கும்.

"நாளைக்கு டியூட்டி போட்டுட்டாங்கம்மா," என்றான்.

"டியூட்டியா?" என்றாள். அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்ததா, இல்லையா? குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரிண்ணே. டியூட்டின்னா என்ன செய்ய முடியும்," என்று வைத்துவிட்டாள்.

கார்மேகம் எழுந்து போய் ஈசா பாயின் கதவைத் தட்டினான்.

"பாய், நாளைக்கு ஓவர்டைம்ல எம் பேரையும் சேருங்க."

"யோவ், கிறுக்கா? ரெண்டு நாளாத் தூங்கல நீ. நாளைக்கு அந்தப் புள்ள வீட்டுல பொட்டி எறங்குது. இங்க இருந்து பேசு, ஆறுதல் சொல்லு."

"சேருங்க பாய்."

ஈசா பாய் அவன் முகத்தைப் பார்த்தார். பேரை எழுதிக்கொண்டார்.

மறுநாள் புஜைராவில் டேங்கின் வாசலில் எல்லாரும் போனை எடுத்துக் கொடுத்தார்கள். உள்ளே போன் கொண்டுபோனால் தீப்பிடிக்கும் என்று அங்கே சட்டம். கார்மேகமும் கொடுத்துவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு குனிந்து உள்ளே போனான். இரும்புச் சுவருக்குள் கரண்டி உரசும் சத்தம்கூடப் பத்து மடங்காகத் திரும்பி வரும். அருள்ராஜ் அந்தக் கோடியிலிருந்து, "அண்ணே, இங்க நின்னு ஒரு பாட்டு எடுத்து விட்டா எப்புடி இருக்கும்?" என்று கத்தினான். அண்ணே, அண்ணே என்று டேங்க் முழுக்கச் சுற்றியது.

கார்மேகம் நிமிரவில்லை. சோற்றுக்குக் கூப்பிடும் வரை கசடை வழித்துக்கொண்டிருந்தான்.