விமானத்தைக் கட்டி இழுத்த படகு

1

இந்தக் கதை எனக்குப் புதுச்சேரி பஸ்ஸில் கிடைத்தது. முன்சீட்டுப் பெண் செல்போனில் கத்திக்கொண்டிருந்தாள்: "பிளேன் வுழலடி, எறக்குனாங்க! எங்க போட்டுக்குப் பக்கத்துலயே!" பெயர் சகாயமேரி, ஊர் எக்கியார்குப்பம். (அவள் சொன்னது எது, நான் சேர்த்தது எது என்று கேட்காதீர்கள். எனக்கே கலந்துவிட்டது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மரக்காணத்து உப்பளங்கள் வெயிலில் வைரமாக மின்ன, வானத்தில் ஒரு'

வேண்டாம். சகாயமேரி அப்போது உப்பளத்தைப் பார்க்கவே இல்லை. படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

புருஷனோடு மீன்பிடிக்க வர வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். "நான் வர்றேன்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள். கடலுக்குள் வருவது இதுதான் முதல் தடவை. புருஷன் ஜான்சன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். அவனைத் திட்டத் தலையை நிமிர்த்தினாள். தலைக்கு மேலே ஒரு குட்டி விமானம், சத்தமே இல்லாமல் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது.

"யோவ், அதுக்கு ஃபேன் சுத்தலய்யா!"

3

ஓட்டி வந்தவள் கீதாஞ்சலி. விமானம் ஓட்டப் படிக்கிற பெண். தனியாக வந்தாள். (பக்கத்தில் மீசை வைத்த பயிற்சியாளர் ஒருவரை உட்கார வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் அவரே செய்தார். நடுவானிலேயே இறக்கிவிட்டேன்.) என்ஜின் நின்றுவிட்டது. கரை முழுக்க வலை இழுக்கிற ஜனம். அதனால் கடலையே நம்பினாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டாள், விமானத்தின் மூக்கைத் தூக்கினாள். விமானம் தண்ணீரில் அறைந்து, எகிறி, மறுபடி அறைந்து, குப்புறச் சாய்ந்து நின்றது.

ஒரு வரைவில் ஜான்சன் குதித்தான். கிழித்துப் போட்டேன். அவன் படகைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் குதித்துவிட்டவள் சகாயமேரி. வாந்தி வந்த நினைவே இல்லை. உள்ளே தண்ணீர் கழுத்துவரை. பெண்ணுக்குக் கை அடிபட்டிருந்தது, பெல்ட் கழற்ற முடியவில்லை.

"எதடி அமுக்கணும்?"

"அமுக்காதீங்கக்கா! தூக்குங்க!"

"எத?"

"அந்தத் தகட்ட!"

சகாயமேரி முழுகினாள், தகட்டைத் தடவிப் பிடித்துத் தூக்கினாள். பெல்ட் விட்டது. சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

4

படகில் ஏறியதும் மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. உயிரோடு இருப்பது அப்படிக் கிச்சுகிச்சு மூட்டியது.

திடீரென்று கீதாஞ்சலி, "ஐயோ, பிளேன் முழுவுது!" என்றாள்.

"அது எங்க போயிடும்?" என்று ஜான்சன் அதன் வாலில் கயிற்றைக் கட்டி, படகின் என்ஜினை முழுசாக முறுக்கினான். படகு உறுமியது. முன்னால் போகவில்லை. பின்னால் போனது.

"வுட்டுடுய்யா, நம்மளையும் சேத்து இழுக்குது!"

"வுட மாட்டேன்டி! எம்மாம் பெரிய பொருளு!"

"எங்க சார் என்னைக் கொன்னுடுவாரு" என்று அழுத கீதாஞ்சலி, அழுகைக்கு நடுவிலேயே மறுபடி சிரித்தாள்.

5

மூவரும் பிழைத்தார்கள். அதில் சந்தேகம் வேண்டாம். விமானம்தான் பிரச்சினை. கயிறு தானே அறுந்ததாக எழுதினேன், சப்பென்று இருந்தது. பெரிய கப்பல் ஒன்று வந்து தூக்கியதாக எழுதினேன், ஜான்சன் என்னோடு பேசவே இல்லை. சகாயமேரி போனில் கதையின் அந்த இடத்தை எட்டுவதற்குள் எழுந்து, பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஆகவே, வலைக்கத்தி இதோ. நீங்கள் பிடியுங்கள். பெண்டாட்டி கயிற்றை அறுக்கச் சொல்கிறாள், புருஷன் கூடாது என்கிறான், அந்தப் பெண் சிரிப்பை நிறுத்தமாட்டேன் என்கிறாள்.

சீக்கிரம். படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது.