சீல் உடையாத பெட்டி

என் புது கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டுக் கோதண்டராமன் ஒரு சிரிப்பு சிரித்தார். அந்த நிமிஷமே அவருக்கு நாள் குறித்துவிட்டேன்.

நான் சக்கரவர்த்தி. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக முப்பத்திரண்டு வருஷம், கண்டவன் ஓட்டிய பஸ்ஸுக்கெல்லாம் நேரம் குறித்தவன். ரிட்டயர் ஆனதும் இனி நானே ஓட்டுவது என்று முடிவு செய்து, பஸ் ஓட்டும் கேம் விளையாட ரெடிமேடாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கினேன். தொண்ணூற்றைந்தாயிரம். கண்ணாடிக் கதவுக்குள் அதன் கலர் லைட்டு எரிந்தால், அடுத்த ஊரான கீழ்பென்னாத்தூரில் இருக்கிறவர்கள் எங்கள் மலையில் கார்த்திகை தீபம் ஏற்றிவிட்டார்கள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

கோதண்டராமன் என் பக்கத்து வீடு. கரண்ட் ஆபீஸில் இன்ஜினியராக இருந்தவர்.

"என்ன சார், இவ்ளோ லேசா இருக்கு? உள்ள கரண்ட் குடுக்கற பவர் சப்ளை நல்லதா இருந்தா கனம் காட்டும். உங்களுக்கு வெச்சிருக்கறது தீபாவளி வெடி. லைட்டைக் காட்டித் தலையில கட்டிட்டான்."

"ஒரு வருஷம் வாரண்டி, ஓய். சீலைப் பாரும்." பின்பக்கத் திருகாணி மேல் ஒட்டியிருந்த வெள்ளி ஸ்டிக்கரைக் காட்டினேன். "இது உடையாத வரைக்கும் எது போனாலும் கடைக்காரன் பொறுப்பு."

"சாமானைத் தனித்தனியா வாங்கி நானே மாட்டினா, எழுபதாயிரத்துல இதைவிட ஜாஸ்தி வேகம் வரும். பாருங்க."

இதையே டீக்கடையிலும் போய்ச் சொன்னார். அன்றிலிருந்து அங்கே எனக்குப் பேர் 'தொண்ணூத்தஞ்சு'. "தொண்ணூத்தஞ்சுக்கு ஒரு டீ, சக்கரை கம்மியா!"

சொன்னபடி பத்தே நாளில் மாட்டியும் விட்டார். மகள் தேவிப்ரியாவுக்காக. கேமுக்குள் வருகிற தெரு, கடை, மனுஷாளையெல்லாம் உருவாக்குகிற படிப்பு படித்தவள். இரண்டு வருஷமாக வேலை தேடி, கடைசியில் ஒரு சென்னைக் கம்பெனி, "ஒரு தெரு செஞ்சு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள்ள அனுப்பு, பார்க்கலாம்" என்றிருந்தது. பழைய லேப்டாப்பில் பாதி செய்வதற்குள் அது மூச்சு வாங்கியது. மீதிக்குத்தான் இந்தப் புது மெஷின். தவறினால் லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. அப்பாவே பேசி வைத்திருந்தார்.

வியாழக்கிழமை மெஷினுக்கு உயிர் வந்தது. என்னுடையதைவிட மூணு மடங்கு வேகம். நான் குறித்த நாள் வந்துவிட்டது.

"பைக் வாங்கினாலே கோயில் வாசல்ல நிறுத்திப் பூஜை போடற ஊரு இது. பொண்ணு வேலைக்கு வந்த மெஷினுக்கு ஒரு ஆரத்தி வேணாமா?" என்றேன். கரைத்துக்கொண்டு வந்ததும் நான்தான். "கதவைத் தெறந்தே வைங்க, உள்ள இருக்கற சாமானுக்கும் திருஷ்டி உண்டு." மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று சுற்று சுற்றினேன். மூன்றாவது சுற்றில் தட்டு வழுக்கியது. தானாக வழுக்கியது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம்.

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர் உள்ளே பாய்ந்து, மெஷின் ஒரு தும்மல் போட்டு அடங்கியது. சாமானுக்குச் சாமான் தனி வாரண்டி இருந்தது. ஆரத்தி குடித்த சாமானை எந்தக் கடைக்காரனும் தொடவில்லை. பிழைத்தது அந்தக் கனமான பவர் சப்ளை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை தேவிப்ரியா பென் டிரைவோடு வந்து நின்றாள். "பெரியப்பா, மூணே நாள் உங்க மெஷினைக் குடுங்க."

"தாராளமா. உங்கப்பா டீக்கடையில வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும்."

வந்தார். கிளாஸையே பார்த்துக்கொண்டு, "ரெடிமேட்தான் நியாயமான விலை. சொந்தமா மாட்டறவன் முட்டாள்" என்றார். ஆட்டோ சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்ல வைத்தேன். அன்றைக்கு டீ பாயசமாக இனித்தது.

மூன்று நாள் அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கருகின வாசனை. தீபம் அணைந்தது.

"முடிச்சிட்டேன் பெரியப்பா... அனுப்பப் போனேன். பென் டிரைவுல பழைய பாதிதான் இருக்கு, முழுசும் இந்தப் பெட்டிக்குள்ள."

கோதண்டராமன் தன் பவர் சப்ளையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். "நாலு ஸ்க்ரூ சார். பத்து நிமிஷத்துல மாட்டிடறேன்."

"சீல்?"

"சார்..."

"சீல் உடைஞ்சா வாரண்டி போயிடும், ஓய். செவ்வாய்க்கிழமை கடையிலேர்ந்து ஆள் வரட்டும்."

"வாரண்டி போனா புதுசாவே வாங்கித் தந்துடறேன் சார்."

"எந்த விலையில? எழுபதா, தொண்ணூத்தஞ்சா?"

தேவிப்ரியா கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. நான் நாற்காலியைப் பெட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். திங்கட்கிழமை பத்து மணி அடிக்கும்போதும் அங்கேதான் இருந்தேன்.

செவ்வாயன்று கடைப் பையன் ஃபைஸ் வந்தான். வந்ததும் சீலை நகத்தால் கிழித்தான்.

"அடப்பாவி! வாரண்டி?"

"இது சும்மா ஒட்டறது சார். பில் இருந்தா போதும். வேற பவர் சப்ளை இருந்தா நீங்களே மாட்டியிருக்கலாமே."

அதே மாதிரி லேசான பவர் சப்ளை இன்னொன்றை இலவசமாக மாட்டிவிட்டுப் போனான். பெட்டியில் மறுபடி லைட்டு எரிந்தது. உள்ளே அவள் செய்த தெரு முழுசாக இருந்தது. நம்ம தேரடித் தெருவேதான்! கோபுரம், பூக்கடை, டீக்கடை. டீக்கடை பெஞ்சில் தொப்பையோடு ஒரு கிழவன். கையில் டைம் கீப்பர் நோட்டு. பக்கத்தில் போனால் கிளாஸைத் தூக்கி, வாய் கொள்ளாமல் சிரிக்கிறான். நானே! ஒரு மணி நேரம் அவன் பக்கத்தில் போவதும் வருவதுமாக இருந்தேன்.

சும்மா இருக்க முடியுமா? நேரே லாட்ஜுக்குப் போனேன். ரிசப்ஷனில் தேவிப்ரியா சாவிகளை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் தெருவைப் பார்த்தேன் பாப்பா. பிரமாதம். என் தொப்பையைத்தான் கொஞ்சம் ஜாஸ்தி போட்டுட்டே."

"சீலை உடைச்சாங்களா?"

"ஆமா."

"வாரண்டி?"

"அதுக்கு பில்லு போதுமாம்."

அவள் கடைசிச் சாவியையும் மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ரூம் வேணுங்களா, சார்?"